யார் தந்த அங்கீகாரம்? எதற்குத் தந்தது? எதுவரை தந்தது?

 

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது ஒரு சகோதரர் நம் கையைப் பிடித்துக்கொண்டார். கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அக்குளில் ஒரு பைல். "ஹஜ்ரத், ஒரு நிமிஷம் இதப் பாருங்க" என்று படியிலேயே அதை விரித்தார். மூன்று வருட மார்க் ஷீட், அழகான எழுத்தில் அச்சடித்த பட்டம், கறுப்பு அங்கி போட்டு மகன் எடுத்துக்கொண்ட போட்டோ.

மகன் அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி பட்டத்தைப் பார்த்தார், எதையோ ஒத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். "இந்தப் பட்டம் செல்லாது தம்பி." அவ்வளவுதான்!

"நான் விசாரிக்காம சேர்க்கல ஹஜ்ரத். யு.ஜி.சி. பட்டியல்ல அந்தப் பல்கலைக்கழகம் பேரு இருந்துச்சு. இப்பவும் இருக்கு. வேணும்னா பாருங்க" என்றார் அந்தத் தகப்பனார்.

பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. பெயர் இருந்தது. அது வடமாநிலம் ஒன்றில் அந்த மாநிலச் சட்டத்தின் மூலம் உருவான உண்மையான தனியார் பல்கலைக்கழகம். ஆனால் மகன் அந்த மாநிலத்தின் மண்ணை மிதித்ததே இல்லை. நம்மூர் ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் "ஸ்டடி சென்டர்" என்று போர்டு போட்டு நடத்தினார்கள். அங்கேதான் படித்தான், அங்கேதான் பரீட்சை எழுதினான். தன் மாநில எல்லையைத் தாண்டி வந்து நம்மூர் மாடியில் கடை விரிக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரமே கிடையாது!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தச் சென்டரின் திறப்பு விழாவில் துஆ ஓதியது நாம்தான். சால்வை போர்த்தினார்கள், ஏற்றுக்கொண்டோம். "சமுதாயப் பிள்ளைகள் படிக்க வழி பிறந்துவிட்டது" என்று பேசினோம். அங்கீகாரம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன? பட்டியலைக் காட்டியிருப்பார்கள், நாமும் தலையாட்டியிருப்போம். ஏனென்றால் எதைக் கேட்க வேண்டும் என்பதே அன்று நமக்குத் தெரியாது. கேட்கத் தெரியாமல் போனதால் ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டுகள் போயின. அதனால்தான் இந்தத் தலையங்கம்.

ஒரே சொல், மூன்று சரக்கு

"அங்கீகாரம் பெற்றது" என்று நோட்டீஸில் போடுகிறார்களே, அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சரக்குகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, பட்டம் வழங்கும் அதிகாரம். இதைத் தருவது சட்டம்.

இரண்டாவது, தொழில் செய்யும் தகுதி. மருத்துவம், சட்டம், மருந்தியல், ஆசிரியப் பயிற்சி போன்றவற்றுக்கு அந்தந்தத் துறையின் கவுன்சில் தரும் ஒப்புதல் இது.

மூன்றாவது, தர மதிப்பீடு. கட்டிடம், ஆசிரியர், நூலகம், ஆராய்ச்சி எல்லாம் எப்படி என்று பார்த்து ஒரு குழு போடும் மார்க் இது.

மூன்றுக்கும் நாம் அங்கீகாரம் என்ற ஒரே பெயரைச் சூட்டிவிட்டோம். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் காட்டித் தப்பிக்க ஏஜெண்டுக்கு இது போதாதா? பட்ட அதிகாரம் உண்டா என்று கேட்டால் "நாக் ஏ கிரேடு" என்பான். மருத்துவக் கவுன்சில் ஒப்புதல் எங்கே என்று கேட்டால் "யு.ஜி.சி.யில் இருக்கிறதே" என்பான். நகைக்கடையில் பவுனுக்கு ஹால்மார்க் முத்திரை கேட்டால் கடையின் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுவது போன்றது இது. வாடகை ஒப்பந்தம் அசல்தான்; அதற்காகப் பவுன் அசலாகிவிடுமா?

மதரஸாவில் ஓதி முடித்தவருக்கு நாம் ஸனது வழங்குகிறோம். ஹதீஸ் கலையில் அதே சொல்லுக்கு அறிவிப்பாளர் தொடர் என்று பொருள். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் போவோம். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், ஒருவர் மற்றவரைச் சந்தித்திருக்கவே முடியாது என்று தெரிந்தாலும், வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பலவீனம் என்று ஒதுக்கிவைப்போம். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த விசாரணையை ஒரு கலையாக வளர்த்த சமுதாயம், பிள்ளையின் பட்டத்துக்கு மட்டும் ஏன் ஸனது கேட்பதில்லை?

பட்டத்தின் ஸனது

கேட்டுப் பார்ப்போம். இந்தியாவில் ஒருவர் பட்டம் வழங்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆவது பிரிவு. அதன்படி நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ உருவான பல்கலைக்கழகம் பட்டம் தரலாம். அதே சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி மத்திய அரசு அறிவித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தரலாம். நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் தரலாம். இந்த வாசல்களைத் தவிர வேறு வாசல் இல்லை. சொசைட்டி பதிவோ, டிரஸ்ட் பத்திரமோ, கம்பெனிப் பதிவோ, "ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது" என்பதோ பட்டம் தரும் அதிகாரத்தைத் தராது.

23ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்த வழிகளில் வராத எவரும் பல்கலைக்கழகம் என்ற பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது. மீறினால்? 24ஆவது பிரிவில் எழுதப்பட்ட அபராதம் 1000 ரூபாய் வரை! ஒரு மாணவனிடம் ஒரு மாதத்தில் வாங்கும் பணம் கூட இல்லை. பிறகு ஏன் போலிகள் முளைக்காது? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கிறது, அந்தப் பட்டியல்களில் தலைநகர் டெல்லியின் முகவரிகளே வரிசையாக வருகின்றன. பட்டியல் போடுவதோடு கடமை முடிந்துவிட்டதா என்று அரசைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

சட்டமன்றம் சட்டம் போட்டுவிட்டால் மட்டும் நிம்மதியாகத் தூங்கலாமா? சத்தீஸ்கரை நினைத்துப் பாருங்கள். 2002இல் அந்த மாநிலம் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும், பல்கலைக்கழகம் பிறந்துவிடும் என்ற நிலை. குறுகிய காலத்தில் 112 பல்கலைக்கழகங்கள் பிறந்தன! பலவற்றுக்கு வளாகமே இல்லை. யு.ஜி.சி.யின் முன்னாள் தலைவரும் விஞ்ஞானியுமான பேராசிரியர் யஷ்பால் உச்சநீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரி 11 அன்று நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் அடிப்படைப் பிரிவுகளை ரத்து செய்தது. அவற்றின் மூலம் பிறந்த பல்கலைக்கழகங்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின. மாணவர்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று, அந்த நிறுவனங்களை ஏற்கெனவே உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழிசெய்யுமாறு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த நாட்களில் பெற்றோர் பட்ட தவிப்புக்கு யார் ஈடு கொடுப்பது? காகிதத்தைப் பார்ப்பதோடு கட்டிடத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது 2005 நமக்குச் சொன்ன பாடம்.

தொழிலுக்குத் தனி வாசல்

இரண்டாவது சரக்குக்கு வருவோம். பட்டம் செல்லும், ஆனால் தொழில் செய்ய முடியாது. இப்படியும் ஒரு நிலை உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மருத்துவம் என்றால் தேசிய மருத்துவ ஆணையம். பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு அது 2020இல் வந்தது. சட்டம் படித்துக் கறுப்புக் கோட்டு போட வேண்டுமானால் இந்திய பார் கவுன்சில். மருந்துக்கடை வைக்கத் துடிக்கும் நம் வியாபாரிகளின் பிள்ளைகளுக்கு பார்மசி கவுன்சில். ஆசிரியப் பயிற்சிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழு. இவர்களின் ஒப்புதலை அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு, இத்தனை சீட்டுக்கு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 100 சீட்டுக்கு ஒப்புதல் வாங்கியவன் 101ஆவது பிள்ளையைச் சேர்த்தால் அந்த 101ஆவது பிள்ளை யார்? அது நம் பிள்ளையாக இருந்துவிடக் கூடாது.

வெளிநாட்டு மருத்துவப் படிப்பில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. "இந்திய மருத்துவ ஆணையம் அங்கீகரித்த வெளிநாட்டுக் கல்லூரி" என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அப்படி ஓர் அங்கீகாரப் பட்டியலே தாங்கள் தருவதில்லை என்று ஆணையம் சொல்லிவிட்டது! ஆணையம் வைத்திருப்பது நிபந்தனைகள். 2021 விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி, பாடம் ஆங்கிலத்தில். இவை முடிந்தாலும் இந்தியாவில் தொழில் செய்யத் தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும். சுவரொட்டியில் இல்லாத பட்டியலைக் காட்டுகிறவனிடம் 54 மாதக் கணக்கைக் கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

அல்ஃபலாஹ் சொல்லும் பாடம்

மூன்றாவது சரக்கான தர மதிப்பீட்டைச் செய்வது "நாக்" என்று அழைக்கப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் தர அங்கீகாரக் குழு. 1994இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. இது தந்த "ஏ", "பி" தரங்கள் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. பிறகு மறுபடி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்து அப்பாவி உயிர்கள் பறிபோயின. அந்த விசாரணையில் ஹரியானா மாநிலம் ஃபரிதாபாத்தில் உள்ள அல்ஃபலாஹ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மருத்துவர்களின் பெயர்கள் வந்தன. அப்பாவிகளைக் கொன்றவன் எவனாக இருந்தாலும் தண்டிக்கப்பட வேண்டும். குற்றத்தில் பங்கில்லாத மாணவன் ஒருவன் கூட அதற்காக அவமானப்படக் கூடாது. அது நீதிமன்றத்தின் வேலை. இங்கே நாம் பேசுவது வேறு ஒரு விஷயம்.

அதே நவம்பரில் "நாக்" அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. தன் கல்லூரிகள் "நாக் ஏ தரம்" பெற்றவை என்று பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் போட்டிருந்தது. பொறியியல் கல்லூரிக்கு 2013இல் கிடைத்த தரம் 2018இல் முடிந்துவிட்டது. ஆசிரியர் கல்விப் பிரிவுக்கு 2011இல் கிடைத்தது 2016இல் முடிந்துவிட்டது. பல்கலைக்கழகம் என்ற முறையில் அது "நாக்" மதிப்பீட்டுக்கு வந்ததே இல்லை என்றது அந்த நோட்டீஸ்.

செய்தி வந்ததும் நம் சகோதரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். "முஸ்லிம் பெயர் இருப்பதால்தான் குறிவைக்கிறார்கள்" என்றது ஓர் அணி. "அந்தப் பல்கலைக்கழகமே போலி" என்றது இன்னொரு அணி. இரண்டும் அவசரம்.

அது போலிப் பல்கலைக்கழகம் அல்ல. 2014இல் ஹரியானாவின் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் உருவானது, யு.ஜி.சி. பட்டியலில் இடம்பெற்றது. அதாவது முதல் சரக்கு இருந்தது. "நாக்" தரம் காலாவதியானதால் மட்டும் அங்கே படித்த பிள்ளையின் பட்டம் செல்லாமல் போய்விடாது. இதைத் தெரியாமல் பேசி, ஏற்கெனவே பயந்து கிடந்த மாணவர்களை இன்னும் பயமுறுத்தினார்கள்.

குறிவைக்கிறார்கள் என்ற வாதத்துக்கும் நம் பதில் இதுதான். விசாரணையின் நேரத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கலாம். குண்டு வெடிக்கும் வரை இந்தக் காலாவதிப் பலகை அதிகாரிகளின் கண்ணில் ஏன் படவில்லை என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2018 என்பது 2018தான். அதற்கு மதம் கிடையாது. காலாவதியான மருந்தை விற்றவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக அந்த மருந்தைப் பிள்ளைக்குக் கொடுப்போமா? சமுதாயத்தின் பெயரில் நிறுவனம் நடத்துகிறவருக்கு மற்றவர்களைவிட இரட்டிப்புப் பொறுப்பு உண்டு. அவர் தவறினால் அவர் மட்டும் தலைகுனிவதில்லை; அந்தப் பெயரைத் தாங்கிய எல்லோரும் தலைகுனிய நேர்கிறது.

உயிரோடு இருக்கும் தரச் சான்று என்றாலும் கண்ணை மூடி நம்பிவிட வேண்டாம். 2025 பிப்ரவரியில், ஆந்திராவின் ஒரு நிறுவனத்துக்கு உயர்ந்த தரம் போட லஞ்சம் வாங்கியதாக "நாக்" ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. மார்க் போடுகிறவரையே மார்க் போட வேண்டிய காலம் இது.

அங்கீகாரம் கொடுப்பவனே போலியானால்?

இதற்கும் ஒரு படி மேலே போனவர்கள் உண்டு. 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. கராச்சியைச் சேர்ந்த ஆக்ஸாக்ட் என்ற கம்பெனி, இல்லாத பல்கலைக்கழகங்களை நூற்றுக்கணக்கில் இணையதளங்களாக உருவாக்கி, அமெரிக்கப் பெயர்கள் சூட்டி, உலகம் முழுவதும் பட்டம் விற்றது என்பது அந்தச் செய்தி. வளைகுடாவிலும் வாங்கினார்கள். அதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தப் பல்கலைக்கழகங்களை "அங்கீகரிக்கும்" அமைப்புகளையும் அவர்களே உருவாக்கி வைத்திருந்தார்கள் என்பதுதான்! மாணவன் கெட்டிக்காரத்தனமாக "உங்களுக்கு அங்கீகாரம் தந்தது யார்?" என்று கேட்டால், அந்த அமைப்பின் இணையதளம் பளபளவென்று திறந்தது. போன் செய்தால் ஆள் பேசினார்.

இங்கேதான் ஸனது கை கொடுக்கிறது. அங்கீகாரம் தந்தவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்தவர் யார் என்று இன்னொரு கண்ணி பின்னால் போக வேண்டும். போகப் போக, ஒரு நாட்டின் சட்டத்தில் போய் அது முடிய வேண்டும். முடிந்தால் அது ஸனது. இரண்டு கம்பெனிகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டால் அது கூட்டுச் சதி.

நம் பட்டத்துக்கும் அதே தராசு

அடுத்தவர் குறையை மட்டும் பேசி முடித்துக்கொண்டால் அது நேர்மையாகாது. உத்தரப் பிரதேசத்தில் 2004ஆம் ஆண்டின் மதரஸா கல்வி வாரியச் சட்டம் காமில், ஃபாஸில் என்று பட்டப்படிப்பு, மேற்படிப்பு நிலையிலான சான்றுகளை வழங்க வழி வைத்திருந்தது. அந்தச் சட்டம் முழுவதையும் அலகாபாத் உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 5 அன்று அந்தத் தீர்ப்பை மாற்றி மதரஸாக்களைக் காப்பாற்றியது. அல்ஹம்துலில்லாஹ்! நாடே கொண்டாடினோம். ஆனால் அதே தீர்ப்பில், காமில், ஃபாஸில் என்ற உயர்கல்விப் பட்டங்களைத் தருவது யு.ஜி.சி. சட்டத்தோடு மோதுகிறது, அந்தப் பகுதி செல்லாது என்றும் சொன்னார்கள். மேலே பார்த்தோமே, அதே 22ஆவது பிரிவு!

அந்தச் சான்றுகளைப் பெற்றவர்களின் கல்வி பொய்யா? இல்லை. உழைப்பு பொய்யா? இல்லை. கல்வி உண்மையாக இருந்தாலும் பட்டம் தரும் அதிகாரம் வேறு. மதரஸாவில் ஓதிய நமக்கு இதைச் சொல்வது கசப்பாகத்தான் இருக்கிறது. கசப்பானாலும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் அமானிதம். நம் கல்வியைப் பட்டமாக மாற்றிக்கொள்ள விரும்புகிறவருக்குச் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களின் வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வை எழுதித் தேறிய ஆலிம்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள்.

இடம், முறை, ஆண்டு

மூன்று சரக்கும் சரியாக இருந்தும் இரும்புக்கடைக்காரர் மகன் ஏன் தோற்றான்? பெயர் பட்டியலில் இருந்தது. ஆனால் இடம் தவறு. மாநிலச் சட்டத்தால் உருவான தனியார் பல்கலைக்கழகம் வெளி மாநிலத்தில் படிப்பு மையம் நடத்தவோ, பெயரை வாடகைக்கு விடவோ யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை.

அதேபோல முறையும் முக்கியம். நேரில் நடத்த அனுமதி பெற்ற படிப்பைத் தபால் வழியில் நடத்தினால் அது வேறு படிப்பு. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இல்லாமல் தபால் வழியில் பொறியியல் பட்டம் கொடுத்தன. 2017 நவம்பரில் உச்சநீதிமன்றம், 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டத்தை நிறுத்திவைத்து மறுபடி தேர்வு எழுதச் சொன்னது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டத்தை ரத்தே செய்துவிட்டது. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு பெற்றுப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள்.

ஆண்டும் முக்கியம். தொலைநிலைக் கல்விக்கு அனுமதி எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டுக்கு என்று குறித்தே தரப்படுகிறது. அண்ணன் சேர்ந்த ஆண்டில் அனுமதி இருந்தது என்பதற்காகத் தம்பி சேரும் ஆண்டில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்:

ஒன்று. பல்கலைக்கழகம் எந்தச் சட்டத்தால் உருவானது என்று கேளுங்கள். சட்டத்தின் பெயர், ஆண்டு, அரசிதழ் நகல். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு. யு.ஜி.சி. பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். ஏஜெண்ட் தன் செல்போனில் காட்டும் பக்கத்தையோ, அவன் அனுப்பும் இணைப்பையோ நம்பாதீர்கள். ஒரு எழுத்து மாற்றிப் பெயர் வைப்பது இவர்களின் பழைய தந்திரம்.

மூன்று. தொழிற்படிப்பு என்றால் அந்தக் கவுன்சிலின் பட்டியலில் கல்லூரி, படிப்பு, ஆண்டு, சீட் எண்ணிக்கை நான்கையும் பாருங்கள்.

நான்கு. "நாக்" தரம் என்று சொன்னால் இரண்டு கேள்விகள். தரம் கிடைத்தது பல்கலைக்கழகத்துக்கா, அதில் ஒரு கல்லூரிக்கா? எந்தத் தேதி வரை?

ஐந்து. வகுப்பு எங்கே, பரீட்சை எங்கே? அந்த இடத்தில் நடத்த அனுமதி உண்டா? தொலைநிலை என்றால் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த ஆண்டுக்கு வெளியிட்ட பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா?

ஆறு. சந்தேகம் தீராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய்க் கட்டணத்தில் யு.ஜி.சி.யே எழுத்தில் பதில் சொல்லட்டும்.

ஏழு. அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்ததும் அசலைத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே சொல்லிவிட்டது. அசலைப் பறிகொடுத்தவன் உண்மை தெரிந்த பிறகும் வெளியே வர முடியாமல் தவிக்கிறான்.

வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே யாரும் கவனிக்காத பட்டத்தை அங்கே கவனிப்பார்கள். மருத்துவத் துறை வேலைக்கு டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்கின்றன. பாலைவனத்தில் நின்றுகொண்டு "ஏமாந்துவிட்டேன்" என்று சொன்னால், ஏமாந்தவன் என்று யாரும் பார்ப்பதில்லை. ஏமாற்ற வந்தவன் என்றே பார்ப்பார்கள்.

ஜமாஅத்துகளின் கடமை

சமுதாயமே, சிந்தித்துப் பார்! உயர்கல்வியில் நாம் பின்தங்கிக் கிடக்கிறோம் என்று சச்சார் குழு 2006இல் எழுதிவைத்தது. தெருவில் இறங்கிப் போராடி, 2007இல் தமிழகத்தில் 3.5 சதவீத இடஒதுக்கீடு பெற்றோம். அந்த இடத்தை நிரப்ப ஒரு பிள்ளை தேர்வெழுதித் தேறி, கடைசி மேசையில் பட்டம் செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டால், போராட்டத்தில் பெற்றதை ஏஜெண்டிடம் இழந்துவிட்டோம் என்றுதானே பொருள்?

மே மாதம் வருகிறது என்றால் ஊருக்கு ஊர் கல்வி வழிகாட்டி முகாம் போடுகிறோம். நல்லது. ஆனால் அதே முகாமில் மேஜை போட ஏஜெண்டுகளிடம் நன்கொடை வாங்குகிறோமே, அது நல்லதா? ஒவ்வொரு ஜமாஅத்திலும் மூன்று பேர் போதும். ஒரு ஆசிரியர், ஒரு பட்டதாரி இளைஞர், ஒரு வியாபாரி. எந்தப் பெற்றோர் எந்தக் கல்லூரியின் பெயரைக் கொண்டுவந்தாலும் மேலே சொன்ன ஏழையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். ஒரு லோடு சரக்கு வாங்குமுன் பத்துக் கடை விசாரிக்கும் வியாபாரிக்கு இது பெரிய வேலையா? சங்கடம் கருதி நம்மவர் நடத்தும் நிறுவனத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ரசீது, நோட்டீஸ், செல்போனில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, யு.ஜி.சி.க்கும் காவல்துறைக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒருவர் மறைத்தால் அடுத்த ஆண்டு இன்னும் முப்பது பிள்ளைகள் அதே மாடிப்படி ஏறுவார்கள்.

நம் பங்குக்கு ஒன்று சொல்கிறோம். இனி எந்தக் கல்வி நிறுவனத்தின் திறப்பு விழாவுக்கு அழைத்தாலும் முதலில் அரசிதழ் நகலைக் கேட்போம். அதைச் சரிபார்த்த பிறகுதான் துஆ. நம் இயக்கத்தின் ஆலிம்கள் எல்லோரும் இதையே கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மேடையில் நாம் உட்கார்ந்திருப்பதையே அங்கீகாரம் என்று பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். நான்காவது போலி அங்கீகாரமாக நாம் ஆகிவிடக் கூடாது!

இரும்புக்கடைக்காரர் மகன் இந்த ஆண்டு அரசுக் கல்லூரி ஒன்றில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறான். தன்னைவிட நான்கு வயது குறைந்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்த்தபோது நம்மால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவன்தான் முதலில் ஸலாம் சொன்னான்.

அல்லாஹ் அவனுடைய கல்வியில் பரக்கத் செய்வானாக! நம் எல்லோருக்கும், நம்புவதற்கு முன் விசாரிக்கும் பக்குவத்தைத் தருவானாக! ஆமீன்.